பழைய கேமியோவில் இருப்பது யார்? வடிவத்தின் மூலத்தைத் தேடிப் பிடிக்கும் வழி

கேமியோ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, படத்தில் இரண்டு நிமிடம் தலைகாட்டிவிட்டுப் போகும் பெரிய நடிகர்தான். இங்கே பேசப்போவது அந்தச் சொல்லின் மூத்த பொருளைப் பற்றி. இரு நிறப் படலங்கள் கொண்ட கல்லிலோ சங்கின் ஓட்டிலோ மேல் படலத்தை உருவமாகச் செதுக்கி, கீழ்ப் படலத்தைப் பின்னணியாக விட்டுவிடும் சின்னஞ்சிறு புடைப்புச் சிற்பம் அது. ப்ரூச், மோதிரம், பதக்கம் என்று பல வடிவங்களில் கிடைக்கிறது.

என்னிடம் ஒன்று இருக்கிறது. லண்டனில் ஒரு சனிக்கிழமைச் சந்தையில் வாங்கியது. முட்டை வடிவம், ஐந்து சென்டிமீட்டர் உயரம், பழுப்புப் பின்னணியில் வெள்ளை உருவங்கள். சிறகுள்ள ஒரு பெண், அவள் கைகளில் இரண்டு குழந்தைகள், ஓரத்தில் ஒரு பறவை. கடைக்காரர் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த சீட்டில் ‘காவல் தேவதை, இரட்டைக் குழந்தைகள், புறா’ என்று எழுதியிருந்தது. அந்த மூன்றில் ஒன்றுதான் சரி, அதுவும் தற்செயலாக. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. சரியான வரிசையில் தேடியிருந்தால் ஒரு மாலைப்பொழுது போதும். அந்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கேமியோ செதுக்கியவர்களில் பெரும்பாலோர் தாங்களாக உருவத்தைக் கற்பனை செய்தவர்கள் அல்லர். ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் வந்த செல்வந்தப் பயணிகள் தாங்கள் பார்த்து வியந்த சிலையையும் ஓவியத்தையும் சட்டையில் குத்திக்கொண்டு ஊர் திரும்ப விரும்பினார்கள். ஆகவே காட்சி உள்ள கேமியோ உங்கள் கையில் இருந்தால், அதற்கு எங்கோ ஒரு மூலம் இருக்கும் என்று நம்பித் தேடலாம்.

முதல் படி: பொருள் என்னவென்று பாருங்கள்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சங்கு ஓடு ஒளியை ஊடுருவ விடும். பின்புறம் சற்றே குழிந்திருக்கும். அகேட், சார்டோனிக்ஸ் போன்ற கல் என்றால் கனமாகவும் தொட்டால் குளிர்ச்சியாகவும் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்க்கும்போது செதுக்கிய துண்டில் உளி போன கோடுகள் தெரியும். விளிம்புகள் எல்லாம் மழுங்கி ஒரே மாதிரி வழவழப்பாக இருந்தால் அது அச்சில் வார்த்த கண்ணாடியாகவோ செல்லுலாய்டாகவோ இருக்கலாம். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் வழியைச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம்.

வடிவத்தைத் தேடுகிறவருக்குப் பொருள் எதற்கு? அச்சில் வார்த்தது என்றால் அது நகலின் நகல்; சிறு விவரங்கள் ஏற்கெனவே கரைந்திருக்கும். சங்கு என்றால் நேப்பிள்ஸை அடுத்த டோரே டெல் கிரேகோ ஊரை மனதில் வையுங்கள். 1878இல் இந்தக் கலைக்கென்றே ஒரு பள்ளி அங்கே தொடங்கப்பட்டது. கரீபியக் கடலிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் வந்த பெரிய சங்குகளை இன்றும் அந்த ஊரில் செதுக்குகிறார்கள்.

இரண்டாம் படி: படம் எடுங்கள்

மேலிருந்து நேராக விழும் வெளிச்சம் புடைப்புச் சிற்பத்தைக் கொன்றுவிடும். கேமராவின் ஃப்ளாஷை அணைத்துவிட்டு, மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ வையுங்கள். இடப்பக்கத்திலிருந்து ஒரு படம், வலப்பக்கத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். பிறகு சட்டத்தை வெட்டிவிட்டுக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, இடம் வலமாகத் திருப்பிய பிரதி ஒன்றையும் சேமித்து வையுங்கள். அந்தத் திருப்பிய பிரதி எதற்கு என்பது பின்னால் வரும்.

என் ப்ரூச்சின் பறவை அப்படி ஒரு பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் அகப்பட்டது. தேய்ந்துபோன வெள்ளைப் பொட்டு என்று நினைத்திருந்த இடத்தில், விளக்கைத் தாழ்த்தியதும் இரண்டு குழிகள் நிழல் கட்டி நின்றன. இரண்டு கண்கள், இரண்டுமே என்னை நோக்கி. தட்டையான வட்ட முகம், நடுவே கீழ்நோக்கிய சிறு கூர். புறாவை இப்படிச் செதுக்க மாட்டார்கள். பக்கவாட்டில் காட்டினால்தான் அது புறாவாகத் தெரியும். நேருக்கு நேர் பார்க்கும் பறவை ஆந்தை.

மூன்றாம் படி: பெயர் சூட்டாமல் எழுதுங்கள்

ஒரு தாளில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். ‘தேவதை’ என்று எழுதாதீர்கள், ‘சிறகுள்ள பெண்’ என்று எழுதுங்கள். ‘மாதா’ வேண்டாம், ‘முக்காடிட்ட பெண், மடியில் குழந்தை’ போதும். தலை நிமிர்ந்திருக்கிறதா, கவிழ்ந்திருக்கிறதா? கண் மூடியிருக்கிறதா? ஆடை எந்தப் பக்கம் பறக்கிறது? கால் தரையில் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா?

நான் இந்தப் படியைத் தாண்டிப் போனதால்தான் மூன்று மாதம் வீணானது. சீட்டில் இருந்த ‘காவல் தேவதை’ என்ற பெயர் மனதில் உட்கார்ந்துவிட்டது. கிறித்தவ ஓவியங்களாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் தலை கவிழ்ந்திருப்பதையும், இரண்டு குழந்தைகளும் தூங்குவதையும், கூந்தலில் பூக்கள் இருப்பதையும் பார்த்துக்கொண்டே பார்க்காமல் இருந்தேன்.

நான்காம் படி: முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள்

இது நமக்குப் புதிய பாடம் அல்ல. கோயில் தூணில் இருக்கும் உருவம் இன்னார் என்று சொல்ல நாம் முகத்தையா பார்க்கிறோம்? மயில் நின்றால் முருகன், மூஞ்சூறு கிடந்தால் பிள்ளையார், கையில் சங்கு சக்கரம் என்றால் திருமால். கிரேக்க, ரோமானியத் தெய்வங்களுக்கும் இதே விதிதான். கேமியோவில் முகங்கள் ஏறக்குறைய ஒரே அச்சு. அடையாளம் கையிலும் தலையிலும் காலடியிலும் இருக்கிறது.

கூந்தலில் திராட்சைக் கொத்தும் இலையும் என்றால் மதுக்கடவுளின் தோழியான பக்காந்தே. கோதுமைக் கதிர் என்றால் விளைச்சலின் தெய்வமான டெமெட்டர். நெற்றியில் பிறை என்றால் வேட்டையின் தெய்வமான ஆர்ட்டெமிஸ். பிறை கண்டதும் சிவனை நினைக்கும் நம் கண்ணுக்கு இது கொஞ்சம் பழக வேண்டும். கூந்தலில் பாம்பும் சிறு சிறகுகளும் சேர்ந்தால் மெதூசா. முதுகில் பட்டாம்பூச்சிச் சிறகு என்றால் மன்மதனின் காதலியான சைக்கி. கிண்ணத்திலிருந்து பாம்புக்கு ஊட்டும் பெண் ஹைஜியா, உடல்நலத்தின் தெய்வம். தலைக்கவசம் அணிந்து மார்பில் மெதூசா முகம் தாங்கிய பெண் அத்தீனா.

சறுக்கும் இடங்களும் உண்டு. தலையில் சிங்கத்தோல் கண்டதும் ஹெர்குலிஸ் என்று முடிவுகட்டிவிடுவோம். தாடி இல்லை, கழுத்து மெலிந்திருக்கிறது, காதோரம் சுருள்முடி இறங்குகிறது என்றால் அது அவனுடைய சிங்கத்தோலை வாங்கி அணிந்துகொண்ட அரசி ஓம்ஃபலேயாக இருக்கலாம். கழுகுக்குக் கிண்ணம் நீட்டும் உருவமும் அப்படித்தான். பெண் என்றால் தெய்வங்களுக்குப் பானம் பரிமாறும் ஹீபி. முன்பக்கம் வளைந்த கூம்புத் தொப்பி போட்ட பையன் என்றால் அதே வேலை செய்யும் கானிமீட். விற்பனைச் சீட்டுகளில் இந்த இருவரும் அடிக்கடி இடம் மாறுகிறார்கள்.

இனி என் ப்ரூச்சுக்கு வருகிறேன். ஆந்தை இரவின் பறவை. லென்ஸில் பார்த்தால் கூந்தலில் இருப்பது கசகசாச் செடியின் மலர். நம் சமையலறைக் கசகசா தான். அதன் காயில் வடியும் பாலிலிருந்து அபின் எடுப்பதால் கிரேக்கர்களுக்கு அது உறக்கத்தின் செடி. ஆக, உறங்கும் இரு குழந்தைகளை ஏந்திப் பறப்பவள் இரவின் தெய்வமான நிக்ஸ். குழந்தைகள் உறக்கமும் சாவும். ஹோமர் இவ்விருவரையும் இரட்டையர் என்றே பாடியிருக்கிறார். கடைக்காரர் தெரியாமல் சொன்ன உண்மை அதுதான்.

ஐந்தாம் படி: ஆள் தெரிந்தபின் சிற்பியைத் தேடுங்கள்

இன்னார் என்று கண்டுபிடிப்பது பாதி வேலைதான். நடராசர் என்று சொல்வது ஒன்று; எந்த ஊர் நடராசரைப் பார்த்து வார்த்தது என்று சொல்வது வேறொன்று. ஹீபியையே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஆடை ஒட்டிப் பறக்க, கூஜாவை உயர்த்திப் பிடித்து மிதந்து வருகிறவள் இத்தாலியச் சிற்பி கனோவாவின் ஹீபி. கூஜா தாழ்ந்திருக்க, அசையாமல் நின்று கிண்ணத்தைப் பார்க்கிறவள் டென்மார்க் சிற்பி தோர்வால்ட்சனின் ஹீபி. இரண்டுக்கும் பெயர் ஒன்று, மூலம் இரண்டு.

தேடும்போது இணையத்தில் ஆங்கிலச் சொற்களைக் கொடுங்கள். இத்தாலியச் சொற்களையும் முயன்று பாருங்கள். ஆனால் ‘கேமியோ’ என்ற சொல்லை மட்டும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் விற்பனைப் பட்டியல்கள் கொட்டும். ஒருவர் தவறாக எழுதியதை நூறு பேர் படியெடுத்திருப்பார்கள். மூன்றாம் படியில் எழுதிய தாளிலிருந்து பொருளும் செயலும் உள்ள சொற்களை எடுங்கள்: ‘புடைப்புச் சிற்பம், சிறகுள்ள பெண், உறங்கும் இரு குழந்தைகள், ஆந்தை’. இப்படித் தேடிய அன்றே எனக்கு விடை கிடைத்தது. டென்மார்க்கில் பிறந்து ரோமில் வாழ்ந்த பெர்டெல் தோர்வால்ட்சன் (1770–1844) 1815இல் செய்த ‘இரவு’ என்ற வட்ட வடிவப் புடைப்புச் சிற்பம். அதற்கு ‘பகல்’ என்ற ஜோடியும் உண்டு. அதில் சிறகுள்ள பெண் மலர்களைத் தூவிக்கொண்டு பறக்கிறாள். உடன் வரும் சிறுவன் கையில் தீப்பந்தம். 19ஆம் நூற்றாண்டுச் சங்கு கேமியோக்களில் இந்த இரண்டையும் ஏராளமாகக் காணலாம்.

அடிக்கடி தட்டுப்படும் வேறு சில மூலங்களையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. நான்கு குதிரை பூட்டிய தேர், சுற்றிலும் கைகோத்து ஆடும் பெண்கள், முன்னே பறந்து வழிகாட்டும் ஒருத்தி: இது இத்தாலிய ஓவியர் குய்தோ ரேனி 1614இல் ரோமில் ஒரு மாளிகைத் தோட்டமண்டபத்தின் கூரையில் தீட்டிய ‘அவுரோரா’, அதாவது விடியலின் தெய்வம். சின்னத் துண்டில் செதுக்கும்போது ஆடும் பெண்களின் எண்ணிக்கை குறைந்துவிடும். அதை வைத்துக் குழம்பாதீர்கள். ஒரு கிண்ணத்தின் விளிம்பில் நான்கு புறாக்கள் என்றால், தீவோலியில் பேரரசர் ஹேட்ரியனின் மாளிகை இடிபாடுகளில் 1737இல் கிடைத்த மொசைக். அது இப்போது ரோமின் கபிடோலினி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வட்டத்துக்குள் குழந்தையை இறுக அணைத்து, தலையில் துணி சுற்றிய தாய் என்றால் ஃப்ளாரன்ஸில் உள்ள ரஃபேலின் ‘நாற்காலி மாதா’. தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும் தலைப்பாகைப் பெண் என்றால், தந்தையைக் கொன்ற குற்றத்துக்காக ரோமில் தலை வெட்டப்பட்ட பெயாட்ரிசே சென்சி என்று மக்கள் நம்பிய ஓவியம். மன்மதனுக்கும் சைக்கிக்கும் முக்காடிட்டு நடத்திச் செல்லும் திருமண ஊர்வலம் என்றால், மால்பரோ கோமகனின் சேகரிப்பில் இருந்து இப்போது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய ரோமானிய கேமியோ.

பொது ஓவிய, சிற்பத் தேடலில் அகப்படாவிட்டால் ரத்தினச் செதுக்குகளுக்கென்றே உள்ள தொகுப்புகளுக்குப் போங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் பீஸ்லி ஆவணக்காப்பகம், லண்டன் வார்பர்க் நிறுவனத்தின் உருவத் தரவுத்தளம், பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையப் பட்டியல் மூன்றையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். தோர்வால்ட்சன் என்று சந்தேகம் வந்தால், கோபன்ஹேகனில் 1848இல் திறந்த அவருடைய அருங்காட்சியகத்தின் தளத்துக்கே போகலாம்.

ஆறாம் படி: வடிவம் எந்த வழியாக வந்தது என்று யோசியுங்கள்

பலரும் இந்தப் படியைத் தவிர்க்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். டோரே டெல் கிரேகோவில் குனிந்து உட்கார்ந்து சங்கைச் செதுக்கியவர் கோபன்ஹேகன் போய்ச் சிலையைப் பார்த்திருக்க மாட்டார். அவர் மேசையில் இருந்தது வேறு ஏதோ.

ஒரு வழி, அச்சு வார்ப்பு. ரோமில் பவோலெத்தி போன்றவர்கள் புகழ்பெற்ற செதுக்குகளையும் சிலைகளையும் விரல்நுனி அளவு பிளாஸ்டர் வில்லைகளாக வார்த்து, புத்தகம் போல் திறக்கும் பெட்டிகளில் அடுக்கி விற்றார்கள். லண்டனில் ஜேம்ஸ் டாஸி (1735–1799) பசைபோல் இளக்கிய கண்ணாடியில் அதையே செய்தார். 1791இல் வெளியான அவருடைய பட்டியலில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் இருந்தன. கேமியோ செதுக்குகிறவருக்கு இவை கைக்கு அடக்கமான பாடநூல். வில்லையைப் பார்த்துச் செதுக்கினால் ஆழமும் மடிப்பும் மூலத்தோடு நெருங்கி வரும்.

இன்னொரு வழி, செப்புத்தகட்டு அச்சுப்படம். ஓவியங்கள் பெரும்பாலும் இப்படித்தான் பரவின. ரேனியின் அவுரோராவை ஊரெங்கும் கொண்டுபோனதில் ரஃபாயேல்லோ மோர்கெனின் அச்சுப்படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தகட்டில் செதுக்கியது தாளில் இடம் வலம் மாறி விழும். எச்சரிக்கையான கலைஞர் தகட்டிலேயே திருப்பிச் செதுக்குவார், மற்றவர்கள் கவலைப்பட மாட்டார்கள். முத்திரைபோல் குழித்துச் செதுக்கிய கல்லை அழுத்தி எடுத்த பதிவும் அப்படியே மாறும். இரண்டாம் படியில் திருப்பிய பிரதியைச் சேமிக்கச் சொன்னது இதற்காகத்தான். உங்கள் கேமியோவில் அவுரோராவின் தேர் எதிர்த்திசையில் ஓடினால், செதுக்கியவர் முன் இருந்தது திருப்பப்படாத ஓர் அச்சுப்படம் என்று ஊகிக்கலாம்.

சிற்பியின் பட்டறையிலிருந்தே நேராக வந்தவையும் உண்டு, ஆனால் குறைவு. ரோமில் தொம்மாசோ சவுலீனியும் அவர் மகன் லூயிஜியும் தோர்வால்ட்சன், ஜான் கிப்சன் போன்றோரின் படைப்புகளைப் பார்த்து மிக நேர்த்தியாகச் செதுக்கினார்கள்.

ஏழாம் படி: ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள்

மூலத்தின் படத்தையும் உங்கள் படத்தையும் அருகருகே வையுங்கள். பெரிய ஒற்றுமைகளை நம்பாதீர்கள். சிறகுள்ள பெண் யாருக்கும் சொந்தமல்ல. கதைக்குத் தேவைப்படாத சிறு விவரங்கள் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும். ஆடை மடிப்பு எங்கே இரண்டாகப் பிரிகிறது, குழந்தையின் கை எங்கே தொங்குகிறது, பறவை உடலின் எந்தப் பகுதிக்கு நேராக இருக்கிறது போன்றவை. தற்செயலாக இவை பொருந்துவதில்லை.

வேறுபாடுகளையும் எழுதுங்கள். வட்டமான மூலத்தை முட்டை வடிவத்தில் அடைக்கும்போது மேலும் கீழும் இடம் மிஞ்சும். என் ப்ரூச்சைச் செதுக்கியவர் மேலே மிஞ்சிய இடத்தில் மூன்று நட்சத்திரங்களை வைத்துவிட்டார். தோர்வால்ட்சனிடம் அவை இல்லை. சங்கின் வெள்ளைப் படலம் மெலிந்த பக்கத்தில் சிறகு பழுப்பேறிக் கிடக்கிறது. குறை என்று சிலர் சொல்லலாம். எனக்கு அந்தக் கைவினைஞர் ஒரு கணம் தயங்கிய இடமாகத் தெரிகிறது.

மூலம் கிடைத்துவிட்டால் காலத்துக்கு ஓர் எல்லையும் கிடைத்துவிடும்: 1815இல் பிறந்த வடிவத்தை அதற்கு முன் யாரும் செதுக்கியிருக்க முடியாது. ஆனால் இது கீழ் எல்லை மட்டுமே. மேல் எல்லைக்கு ஊக்கையும் கொக்கியையும் பாருங்கள். ‘சி’ வடிவத் திறந்த கொக்கியும் சட்டத்தைத் தாண்டி நீளும் ஊசியும் 19ஆம் நூற்றாண்டின் பக்கம் சாய்பவை. உருட்டிப் பூட்டும் கொக்கி என்றால் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு. மாற்றிப் பொருத்தியிருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

எட்டாம் படி: கையெழுத்தைச் சந்தேகியுங்கள்

கிரேக்க எழுத்தில் பெயர் பொறித்திருந்தால் பழையது என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். போலந்து இளவரசர் ஸ்தானிஸ்லாவ் பொனியதோவ்ஸ்கி தம் காலத்துக் கலைஞர்களைக்கொண்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களைச் செதுக்கச் செய்தார். பலவற்றில் பண்டைக் கிரேக்கக் கலைஞர்களின் பெயர்கள் இருந்தன. 1839இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது அவற்றைப் பற்றிய நம்பிக்கை சரிந்தது.

இதைவிட வேடிக்கை பெனெதெத்தோ பிஸ்த்ருச்சி என்ற இத்தாலியக் கேமியோ கலைஞரின் கதை. ரிச்சர்ட் பெய்ன் நைட் என்ற பெரிய சேகரிப்பாளர், மலர்த்தேவி ஃப்ளோராவின் தலை செதுக்கிய கேமியோ ஒன்றைப் பண்டைக் காலத்தது என்று நம்பி வாங்கியிருந்தார். லண்டனுக்கு வந்த பிஸ்த்ருச்சி அதைப் பார்த்துவிட்டு, ‘இது நான் செய்தது, சொற்ப விலைக்கு ஒரு வியாபாரியிடம் கொடுத்தது’ என்றார். செய்தவரே சொல்லியும் நைட் ஏற்கவில்லை. அந்தத் துண்டு இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அந்த பிஸ்த்ருச்சியின் கைவண்ணம் நம் ஊருக்கும் வந்திருக்கிறது: 1817இல் வெளியான ஆங்கிலேய சாவரின் நாணயத்தில் குதிரைமேல் அமர்ந்து பறவைநாகத்தைக் குத்தும் புனித ஜார்ஜின் உருவம் அவர் வரைந்தது. நகைக்கடையில் நாம் ‘ஒரு சவரன்’ என்று கேட்பது அந்த நாணயத்தின் பெயரைத்தான்.

எதுவும் அகப்படாவிட்டால்

பக்கவாட்டில் ஒரு பெண் முகம், சுருள் கூந்தல், தோளில் ஒரு ரோஜா, வேறு அடையாளம் எதுவும் இல்லை என்றால் தேடலை நிறுத்திவிடுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கில் செதுக்கப்பட்ட பொது முகம் அது. மூக்கு சற்றே மேல்நோக்கி இருந்தால் இன்னும் பிந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். குடிசை, பாலம், குடத்தோடு பெண் என்றால் ‘கிணற்றடியில் ரெபேக்காள்’ என்று விற்பார்கள்; அதற்கு ஒரே மூலம் என்று எதையும் கைகாட்ட முடியாது. விற்பவர் வற்புறுத்தினாலும் பெரிய பெயர் எதையும் ஒட்டவைக்காதீர்கள்.

கடைசிப் படி: எழுதி வையுங்கள்

சொற்களில் கவனம் வேண்டும். ‘தோர்வால்ட்சனின் கேமியோ’ என்றால் அவரே செதுக்கியதாகிவிடும். ‘தோர்வால்ட்சனின் படைப்பைப் பார்த்து’ என்றால் மூலம் உறுதி, கை வேறு. ‘தோர்வால்ட்சன் பாணியில்’ என்றால் சாயல் மட்டுமே. இந்த மூன்றில் எது உங்களுடையது என்று தீர்மானித்து, அளவையும் வேறுபாடுகளையும் சேர்த்து ஒரு சிறு அட்டையில் எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். என்னுடைய அட்டை இது:

‘சங்கு ஓடு, ப்ரூச், உயரம் 5 செ.மீ. இரவின் தெய்வம், உறக்கம், சாவு என்னும் இரட்டைக் குழந்தைகளுடன், ஆந்தை. பெர்டெல் தோர்வால்ட்சனின் 1815ஆம் ஆண்டு வட்டப் புடைப்புச் சிற்பத்தைப் பார்த்துச் செதுக்கியது. இடம் வலம் மாறவில்லை. மேலே மூன்று நட்சத்திரங்கள் செதுக்கியவர் சேர்த்தவை. கையெழுத்து இல்லை.’

கடைக்காரரின் சீட்டையும் அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். ‘காவல் தேவதை’, ‘புறா’ இரண்டின் மேலும் பென்சிலால் ஒரு கோடு. ‘இரட்டைக் குழந்தைகள்’ அப்படியே இருக்கிறது.